டைகர் மாத் ஓட்ட ஒரு மணி நேரப் பழக்கம் போதாதா?

மார்ச் 3, மாலை 6.10 – கேள்வி

இங்கிலாந்தில் இருக்கிறேன். லைசென்ஸ் உண்டு, செஸ்னா 172இல் 140 மணி நேரம் ஆகியிருக்கிறது. வரும் கோடையில் டைகர் மாத் என்ற பழைய இருதள விமானம் ஓட்ட ஆசை. விசாரித்த இடத்தில் எல்லாம் "குறைந்தது ஐந்தாறு மணி நேரம் பழகணும்" என்கிறார்கள். 1930களில் விமானத்தையே பார்த்திராத பையன்களைப் பத்து மணி நேரப் பயிற்சியில் தனியாக மேலே அனுப்பிய வண்டி இது. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு மணி நேரம் போதாதா?

மார்ச் 3, இரவு 9.40

அந்தப் பையன்களுக்கு ஒரு வசதி இருந்தது சார்: மறக்க வேண்டியது எதுவும் அவர்களிடம் இல்லை. உங்களிடம் 140 மணி நேரம் இருக்கிறது. அதில் கால் வேலை எவ்வளவு என்று யோசியுங்கள். 172இல் ரடரை (காலால் இயக்கும் வால் பலகையை) தொடாமலே வளைந்துவிடலாம், பக்கவாட்டுச் சறுக்கைக் காட்டும் கருவியில் பந்து கொஞ்சம்தான் நகரும். டைகர் மாத்தில் ஸ்டிக்கை மட்டும் இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் வலப்பக்கம் போகும். கண்ணால் பார்க்கலாம்.

காரணம் ஏலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் பலகை. நான்கு இறக்கை இருந்தாலும் ஏலரான் கீழ் இறக்கைகளில் மட்டும்தான். கீழே இறங்கும் ஏலரான் இழுவையைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக, அது மிகக் குறைவாக இறங்கும்படியும் எதிர்ப்பக்கத்தது நன்றாக எழும்படியும் இணைப்பை வைத்திருக்கிறார்கள். அப்படியும் மூக்கு எதிர்த்திசைக்குப் போகிறது. ஆகவே கால் முதலில், கை அடுத்து. ஒரே நேரத்தில் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. கால் அரை நொடி முந்துவதுதான் இந்த விமானத்துக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

விமானம் என்னவென்று தெரியாமல் படிப்பவர்களுக்காக: டி ஹாவிலண்ட் டிஎச் 82. முதல் பறப்பு 1931 அக்டோபர் 26, லண்டனுக்கு வடக்கே ஸ்டாக் லேன். மொத்தம் 8,800க்கு மேல் கட்டினார்கள். 82ஏ வகையில் ஜிப்ஸி மேஜர் இன்ஜின், நான்கு சிலிண்டர், 6.1 லிட்டர், 130 குதிரைத்திறன். காலி எடை சுமார் 506 கிலோ. பிரேக் இல்லை, இறங்குவதற்காக இறக்கையில் தாழ்த்தும் ஃப்ளாப் இல்லை, பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. வால் பக்கம் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக்கட்டை. கனடாவில் கட்டிய 82சி வகைக்கு மட்டும் பிரேக், வால்சக்கரம், மூடிய காக்பிட் எல்லாம் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் வேறு வழியில்லை.

ஒரு மணி நேரத்தில் இதை வானத்தில் ஓட்டிவிடலாம். அது நிஜம். தரையில் இருந்து கிளப்பவும் தரையில் கொண்டுவந்து நிறுத்தவும்தான் மிச்ச நான்கைந்து மணி நேரம்.

மார்ச் 4, காலை 7.15

நேற்று பந்தைப் பற்றிச் சொன்னேன். திறந்த காக்பிட்டில் அந்தப் பந்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. கன்னம் சொல்லும். விமானம் சமநிலையில் போனால் காற்று விண்ட்ஸ்கிரீனின் இரு பக்கமும் ஒரே மாதிரி வழிந்து போகும், முகத்தில் படாது. இடக்கன்னத்தில் குளிர்ந்த காற்று அடிக்கிறதா, இடப்பக்கமாகச் சறுக்குகிறீர்கள். இடது காலை அழுத்துங்கள், நின்றுவிடும். எந்தக் கன்னமோ அந்தக் கால். அரை மணி நேரத்தில் இது யோசிக்காமலே வரும். அது வந்த நிமிடம்தான் இந்த விமானத்தின் சந்தோஷம் ஆரம்பிக்கிறது. 172இல் திரும்பிப்போய் உட்கார்ந்தால் கண்ணாடிக்குள்ளே காது அடைத்தது போல இருக்கும்.

வேகத்துக்கும் அப்படித்தான். இறக்கைகளை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகள் வேகத்துக்குத் தகுந்தபடி பாடும். 80 நாட் (மணிக்கு 80 கடல் மைல்) வேகத்தில் ஒரு ஸ்வரம், 60இல் அதைவிடத் தாழ்ந்த ஸ்வரம், 45இல் கிட்டத்தட்ட மௌனம். கம்பி மௌனமானால் மூக்கைத் தாழ்த்துங்கள்.

பட்டு ஸ்கார்ஃப் அலங்காரம் இல்லை. மூக்கு மறைப்பதால் கழுத்தை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், காலர் உரசிக் கழுத்து புண்ணாகும். அதற்குத்தான் பட்டு. நுனிகளை ஜாக்கெட்டுக்குள் செருகி ஜிப்பை இழுங்கள். வெளியே பறக்க விடவே கூடாது.

மார்ச் 4, இரவு 10.05

ஸ்டார்ட் செய்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நீளமாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஆள் கை போவது இங்கேதான்.

வேலை இரண்டு பேருக்கு: காக்பிட்டில் ஒருவர், ப்ரொப்பல்லரைச் சுற்ற ஒருவர். காக்பிட்டில் விவரம் தெரிந்தவர் இல்லாவிட்டால் ப்ரொப்பல்லரைத் தொடவே கூடாது. சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகள், வால் கட்டியிருப்பது இன்னும் நல்லது.

இன்ஜினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோக்களின் சுவிட்சுகள் காக்பிட்டுக்கு வெளியே, விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால், உடம்பின் மேலேயே இருக்கும். ப்ரொப்பல்லர் பக்கம் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. பார்க்க அந்தக் கால வீட்டு லைட் சுவிட்ச் போலவே இருக்கும், ஆனால் மேலே தள்ளினால் ஆன். நம்மூரிலும் இங்கிலாந்திலும் வீட்டு சுவிட்ச் கீழே தள்ளினால்தான் ஆன். கை பழக்கத்தில் தப்பு செய்யும். முன் காக்பிட்டுக்கு ஒரு ஜோடி, பின் காக்பிட்டுக்கு ஒரு ஜோடி. நான்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் "சுவிட்ச் ஆஃப், பெட்ரோல் ஆன், த்ராட்டில் மூடி" என்று வெளியே நிற்பவர் குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் செய்து, கையால் தொட்டு, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று மட்டும் சொல்வது போதாது. பிறகு கௌலிங்கை (இன்ஜின் மூடியை) திறந்து கார்புரேட்டரில் உள்ள டிக்ளரை அழுத்திப் பிடித்தால் மிதவை அமுங்கும், பெட்ரோல் நிரம்பிக் குழாய் வழியே கீழே சொட்டும். சொட்டியதும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் டாங்கு மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது, 19 காலன், நம் கணக்கில் 86 லிட்டர். பம்ப் எதுவும் இல்லை, புவியீர்ப்பில் தானாக இறங்கும்.

அடுத்து இழுப்பு. சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே ப்ரொப்பல்லரை மெதுவாக நான்கு கம்ப்ரெஷன் சுற்றி, கலவையை சிலிண்டருக்குள் இழுக்க வைக்க வேண்டும். பிறகு த்ராட்டிலைச் சிறிதாக, அரை அங்குலம் போல, திறந்து வைத்து "கான்டாக்ட்". உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டு சுவிட்சுகளை மேலே தள்ளுவார், ஸ்டிக்கை முழுக்க பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வார்.

சுற்றுபவர் இன்ஜினைப் பார்த்து நின்றால் அவருக்கு வலப்பக்கத் தகடு கீழே வரும். அமெரிக்க இன்ஜின்களில் இடப்பக்கத் தகடுதான் கீழே வரும். பழகியவர்களே இங்கே ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். விரல்களைத் தகட்டின் விளிம்பைச் சுற்றி மடக்கக் கூடாது, உள்ளங்கையும் விரல் நுனியும் தட்டையாகப் பதிந்தால் போதும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மடக்கிய விரலோடுதான் உதைக்கும். இழுக்கும் வேகத்திலேயே உடம்பின் எடை பின்னால், விமானத்தை விட்டு விலகிப் போகும்படி நிற்க வேண்டும். முன்னால் சாயும்படி நின்றீர்களானால் அடுத்த தகட்டுக்குள் விழுவீர்கள். ஈரப்புல், மோதிரம், தொங்கும் ஸ்கார்ஃப், கழுத்தில் மாட்டிய கேமரா, எதுவும் ஆகாது.

நாலைந்து தடவை சுற்றியும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை தூக்குகிறது என்றால் அதிகமாகக் குடித்துவிட்டது. சுவிட்ச் ஆஃப், த்ராட்டில் முழுக்கத் திறந்து, ப்ரொப்பல்லரைப் பின்னோக்கிச் சில சுற்று சுற்றினால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். அதன் பிறகு த்ராட்டிலை மறுபடி மூடுங்கள். இந்த ஒரு வரியை மறந்ததால் கட்டையைத் தாண்டிப் பாய்ந்து, ஆள் இல்லாமலே ஓடி, உடைந்த டைகர் மாத்கள் பல. பிரேக் இல்லாத விமானம், முழு த்ராட்டில், பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. வேறெப்படி முடியும்?

மார்ச் 5, மதியம் 1.20

நேற்று இரவு எழுதியதில் ஒரு திருத்தம். "சுவிட்சுகளை மேலே தள்ளுவார்" என்று பன்மையில் எழுதிவிட்டேன். இரண்டையும் ஒன்றாகப் போடுவது பல இடங்களில் வழக்கம்தான். ஆனால் இம்பல்ஸ் கப்ளிங் இரண்டு மேக்னெட்டோவில் ஒன்றில் மட்டும் இருந்தால், முதலில் அதை மட்டும் ஆன் செய்து, பிடித்த பிறகு மற்றதைப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

விஷயம் இதுதான். ஓடும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழ வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றும்போதும் அப்படி முந்திக்கொண்டு விழுந்தால் பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடிக்கும், அதுதான் உதை. இம்பல்ஸ் கப்ளிங்கில் உள்ள ஸ்பிரிங் மேக்னெட்டோவைப் பிடித்து வைத்துக்கொண்டு, உச்சியைத் தொடும் நேரத்தில் சட்டென்று விடும். பொறி பலமாகவும் தாமதமாகவும் விழும். ப்ரொப்பல்லரைச் சுற்றும்போது கேட்கும் "டக்" அதுதான். அந்த டக் கேட்காவிட்டால் சுற்றிப் பயன் இல்லை. கப்ளிங் பிசுபிசுப்பில் ஒட்டியிருக்கலாம், முதலில் அதைக் கவனியுங்கள்.

சுவிட்ச் ஆஃப் என்பதை முழுக்க நம்பவும் கூடாது. ஆஃப் செய்வது என்றால் மேக்னெட்டோவை ஒரு வயரால் எர்த் செய்வது. அந்த வயர் அறுந்திருந்தால் ஆஃபிலும் இன்ஜின் உயிரோடுதான் இருக்கும். சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், ப்ரொப்பல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினையுங்கள்.

மார்ச் 5, இரவு 8.50 – இன்னொருவர் கேள்வி

நின்றிருக்கும் ஜிப்ஸி இன்ஜினுக்கு அடியில் எப்போதும் ஒரு தட்டு வைத்திருக்கிறார்களே, எண்ணெய் ஒழுகுவது பழுதில்லையா?

மார்ச் 5, இரவு 11.30

கொஞ்சம் ஒழுகுவது அதன் பிறவிக்குணம். இன்ஜின் தலைகீழாக இருக்கிறது: கிராங்க் மேலே, சிலிண்டர்கள் கீழே தொங்குகின்றன. அப்படி வைத்ததால் ப்ரொப்பல்லரின் அச்சு உயரத்துக்குப் போகிறது, தரைக்கும் தகட்டுக்கும் இடைவெளி கிடைக்கிறது, விமானியின் பார்வையை மறைக்கும் சிலிண்டர் தலைகளும் கீழே போய்விடுகின்றன. அதற்குக் கொடுக்கும் விலை எண்ணெய். நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மெல்ல மெல்லச் சிலிண்டரின் அடியில், அதாவது எரியும் அறையில், சேரும்.

தட்டில் விழும் எண்ணெய் பரவாயில்லை. உள்ளே தங்கும் எண்ணெய்தான் ஆபத்து. எண்ணெய் அமுங்காது. இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிஸ்டன் அதன் மேல் வந்து மோதினால் கனெக்டிங் ராட் வளையும். வளைந்தது உடனே தெரியாது, பத்து மணி நேரம் கழித்து வானத்தில் உடையும். ஆகவே நாளின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சுவிட்ச் ஆஃபில் குறைந்தது இரண்டு முழுச் சுற்று கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கம்ப்ரெஷன் என்றால் பஞ்சை அமுக்குவது போல இருக்கும், எண்ணெய் என்றால் சுவரில் முட்டியது போல. முட்டினால் பலம் காட்டாதீர்கள். பின்னோக்கிச் சுற்றித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள், எண்ணெய் இன்டேக் குழாய்க்குப் போய், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் திரும்ப உள்ளே வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிய விடுங்கள்.

ரேடியல் இன்ஜினிலும் இதே கதைதான், அங்கே கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்கு மட்டும். ஆன்டனோவ் ஆன்-2 தெரியுமல்லவா, 1947இல் முதலில் பறந்த ரஷ்ய இருதள விமானம், ஒற்றை இன்ஜினில் 1,000 குதிரைத்திறன், 12 பேர் உட்காரலாம். ஒன்பது சிலிண்டர். நான்கு தகட்டு ப்ரொப்பல்லரைக் கையால் தள்ளித் தள்ளிச் சுற்றுவதில்தான் அதன் காலைப்பொழுது தொடங்கும்.  

மார்ச் 6, காலை 6.45

அவசரத் திருத்தம், மேலே போய் முதல் குறிப்புகளைப் படித்தவர்கள் இதையும் படிக்கவும். நான் வேகத்தை நாட் கணக்கில் எழுதி வருகிறேன். பல டைகர் மாத்களில் வேகமானி மைல் கணக்கில் இருக்கும். ஏறவும் இறங்கவும் 58 நாட், அதாவது 66 மைல். மைல் வேகமானியில் 58ஐப் பிடித்தீர்களானால் உண்மையில் 50 நாட். ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போவது, 40 நாட்டுக்கு அருகில். கையில் மிச்சம் பத்து நாட்தான், ஒரு சாய்வான வளைவில் அதுவும் கரைந்துவிடும். உட்கார்ந்ததும் முதல் வேலை, டயலில் எழுதியிருப்பதைப் படிப்பது.

மார்ச் 6, இரவு 9.00

தரையில் ஓட்டுவது. மூக்கு முன்னால் எதையும் காட்டாது. பாம்பு போல வளைந்து வளைந்து, ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தனியாகப் பறந்தால் பின் காக்பிட்டில்தான் உட்கார வேண்டும், எடைமையம் அப்படி, ஆகவே முன்னால் தெரிவது இன்னும் குறைவு. வளைவதற்கு ரடரைப் போட்டு ஒரு சின்ன த்ராட்டில் தள்ளு. நிற்பதற்குப் புல்லும் சறுக்குக்கட்டையும்தான் பிரேக். தார்ப் பாதையில் சறுக்குக்கட்டைக்குப் பிடிப்பு கிடையாது, திரும்பவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று போகும், கட்டையின் அடித்தகடும் தேய்ந்து தீரும். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் விமானத்தளத்தில் தார் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே புல் ஓடுபாதையும் இருப்பது இந்த மாதிரி விமானங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று போய்ப் பார்த்தால் புரியும். காற்று 15 நாட்டைத் தாண்டினால் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க ஆள் வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் 30 நொடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நிறுத்துங்கள். ஏறினால் 800இலிருந்து 1,000 ஆர்பிஎம்மில் நான்கு நிமிடம் சூடாக்கி, 1,600இல் மேக்னெட்டோ சோதனை.

டேக்-ஆஃப் காற்றுக்கு எதிராக மட்டும். த்ராட்டிலை மூன்று நான்கு நொடி எடுத்துத் திறங்கள். ஸ்டிக்கைச் சற்று முன்னால் கொடுத்தால் வால் எழும், அப்போதுதான் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியும். இங்கேதான் உங்கள் 140 மணி நேரம் எதிரியாகும். செஸ்னா இடப்பக்கம் இழுக்கும், நீங்கள் வலது காலை அழுத்திப் பழகியவர். ஜிப்ஸி எதிர்த்திசையில் சுற்றுகிறது, விமானம் வலப்பக்கம் இழுக்கும். வால் எழும் நொடியில் ப்ரொப்பல்லரின் சுழல்விசை அதே வலப்பக்கத்துக்கு இன்னொரு தள்ளு தரும். பழக்கதோஷத்தில் வலது கால் போனால் மூன்றும் ஒன்று சேர்ந்து உங்களைப் பாதைக்கு வெளியே கொண்டுபோய்விடும். இடது கால். ஓடத் தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

58 நாட்டில் ஏறுங்கள். நிமிடத்துக்கு 500, 600 அடி கிடைத்தால் நல்ல இன்ஜின். கைக்கு ஓய்வு தரும் டிரிம் என்பது ஒரு ஸ்பிரிங் லீவர். எலிவேட்டரில் தனியாக டேப் எதுவும் கிடையாது, ஸ்டிக்கை ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 7, காலை 7.30

பி8 காம்பஸ் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெரிய கிண்ணம் போல இருக்கும். மேலே உள்ள வளையத்தைச் சுற்றி உங்கள் திசையை வையுங்கள், பூட்டுங்கள். பிறகு ஊசி இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே சரியாக அமையும்வரை விமானத்தைத் திருப்புங்கள். ஊசியின் வடமுனை கோடுகளின் வடமுனையோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மறந்தால் 180 டிகிரி தப்பான ஊருக்கு நேர்க்கோட்டில் போவீர்கள்.

மார்ச் 7, இரவு 10.20

ஸ்டாலும் ஸ்பின்னும்.

மேல் இறக்கைகளின் முன்விளிம்பில் ஸ்லாட் இருக்கிறது. வேகம் குறைந்து இறக்கையின் கோணம் கூடும்போது காற்றே அதை வெளியே உறிஞ்சி இழுக்கும். "கடகட" என்று இரண்டு பக்கமும் திறப்பது காதில் விழும், அதுவே ஸ்டால் எச்சரிக்கை. பின் காக்பிட்டில் உள்ள லீவரால் பூட்டிவைக்கலாம். தரையில் ஓடும்போது பூட்டு, இல்லாவிட்டால் ஆட்டத்தில் அடித்துக்கொண்டே வரும். ஏரோபாட்டிக்ஸிலும் பூட்டு. ஒரு பக்கம் முந்தித் திறந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

ஸ்டாலில் இறக்கை சாய்ந்தால் ஏலரானால் தூக்காதீர்கள், எதிர் ரடர். ஸ்பின்னில், அதாவது ஸ்டாலாகிச் சுழன்றபடி, விழுந்தால் முழு எதிர் ரடர், ஒரு சிறு இடைவெளி, பிறகு சுற்று நிற்கும்வரை ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டே போவது. வாலுக்கு முன்னால் உடம்பின் மேல் இரண்டு நீளப் பட்டைகள் தெரிந்தால் அவை ஸ்பின்னிலிருந்து மீள உதவப் போர்க்காலத்தில் வந்தவை. கூடுதல் எடைகள் ஏற்றிய விமானங்கள் ஸ்பின்னிலிருந்து வெளியே வர மறுத்தன, அதற்கு வைத்தியமாக இந்தப் பட்டைகள். ஏலரானில் இருந்த சமநிலை எடைகளையும் கழற்றினார்கள். பட்டை உள்ளதும் இல்லாததும் இன்றும் பறக்கின்றன. ஸ்பின் போடுவதற்கு முன் உங்களது எது என்று பாருங்கள்.

லூப்புக்கு (வானில் செங்குத்தாக ஒரு வட்டம் போட) 105 நாட், அதாவது 120 மைல். 160 மைலை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. தலைகீழாகப் போனால் மிதவைக் கார்புரேட்டர் பெட்ரோலை விட்டுவிடும், இன்ஜின் வாயை மூடும். ஆகவே ஸ்லோ ரோலில், அதாவது நீளவாக்கில் மெதுவாக ஒரு முழு உருளல் உருளும்போது, பாதி நேரம் கிளைடர். அந்த மௌனத்தில் கம்பிகள் மட்டும் பாட, பூமி தலைக்கு மேலே சுற்றுவதுபோல் ஓர் அனுபவம் வேறு எந்தப் பயிற்சி விமானத்திலும் கிடைக்காது. ப்ரொப்பல்லர் முழுக்க நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும். மூக்கைக் குத்தி வேகத்தால் சுற்ற வைக்க வேண்டும், 2,000 அடி அதற்கே போய்விடும். அவ்வளவு உயரம் இல்லையென்றால் அந்த முயற்சியே வேண்டாம், வயலைத் தேடுங்கள்.

மார்ச் 8, இரவு 8.15

இறங்குவது. ஃப்ளாப் இல்லாததால் உயரம் அதிகமானால் சைட்-ஸ்லிப்தான்: ஒரு இறக்கையைத் தாழ்த்தி எதிர் ரடர். கன்னத்தில் காற்று அறைய, விமானம் பக்கவாட்டில் லிஃப்ட் போல இறங்கும். ஸ்லிப்பில் வேகமானியை நம்பாதீர்கள், காற்று பிடிக்கும் குழாய் இறக்கைத் தூணில் இருக்கிறது, சாய்வாக வரும் காற்று அதை ஏமாற்றும். மூக்கின் நிலையைப் பாருங்கள்.

நேராக நீளமாக வராதீர்கள், தரை தெரியாது. கடைசிவரை வளைந்தே வந்து, வேலியைத் தாண்டும்போது நிமிர்த்துங்கள். பார்வை மூக்குக்கு மேலே வேண்டாம், இடப்பக்கமாக, இருபது முப்பது கஜம் முன்னால் உள்ள புல்லில். புல் பச்சை நிறமாகத் தெரிவது போய்த் தனித்தனி இலையாகத் தெரியத் தொடங்கும் உயரம் ஒன்று உண்டு. அங்கேதான் ஸ்டிக் பின்னால் வரத் தொடங்க வேண்டும். இறங்க விடாதீர்கள், இறங்க விடாதீர்கள், ஸ்டிக் வயிற்றில் முட்டும்வரை. முன்சக்கரங்கள் இரண்டும் சறுக்குக்கட்டையும் ஒன்றாகத் தொட்டால் புல்லில் செருப்பு உரசுவது போல ஒரு சத்தம்தான் கேட்கும். அது கேட்ட நாளில் முகத்தில் வரும் சிரிப்பு வீடு போகும்வரை இருக்கும்.

துள்ளினால் ஸ்டிக்கை முன்னால் குத்தாதீர்கள். சின்னத் துள்ளல் என்றால் ஸ்டிக்கைப் பின்னால் பிடித்துக் காத்திருங்கள், பெரிய துள்ளல் என்றால் முழு த்ராட்டில், மறுபடி சுற்றி வாருங்கள். தொட்ட பிறகும் வேலை முடியவில்லை. எடைமையம் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும், வேகம் குறையக் குறைய ரடருக்குக் காற்றும் குறையும். முழுக்க நிற்கும்வரை கால்களை உயிரோடு வையுங்கள். பக்கக்காற்று பத்து நாட்டை நெருங்கினால் வேறு திசையில் இறங்க இடம் தேடுங்கள்.

மார்ச் 9, மதியம் 12.40 – கேள்வி கேட்டவர்

சரி, ஒரு மணி நேரம் என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்தியாவில் இதெல்லாம் இருந்ததா?

மார்ச் 9, இரவு 9.55

நிறையவே. இந்திய விமானப்படையின் விமானிகள் ஒரு தலைமுறை முழுக்கப் பழகியது டைகர் மாத்தில்தான். 1951இல் எச்ஏஎல்லின் எச்டி-2 பயிற்சி விமானம் பறந்த பிறகுதான் அந்த இடம் மெல்லக் கைமாறியது. பழுதுபார்த்து உயிர்ப்பித்த டைகர் மாத் ஒன்று, எச்யூ 512, 2012 விமானப்படை நாளில் டெல்லிக்கு அருகே ஹிண்டனில் பறந்தது.

இன்னும் பின்னால் போனால் ஒரு நல்ல தொடர்பு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் விமானத்தில். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தார். பஸ் மாத்துக்கு இருந்தது 120 குதிரைத்திறன் ஜிப்ஸி 3. முதல் டைகர் மாத்களுக்கும் அதே இன்ஜின், அதே தலைகீழ் அமைப்பு. அன்று தபால் கொண்டுவந்த இன்ஜினுக்கும், ஓட்டத் தொடங்கும் முன் யாரோ ஒருவர் ப்ரொப்பல்லரை மெதுவாகச் சுற்றி, சுவரில் முட்டுகிறதா என்று கையால் கேட்டிருக்க வேண்டும்.

நம்மூர் ஃப்ளையிங் கிளப்களில் புஷ்பக் பயிற்சி விமானம் ஓட்டிய மூத்தவர்கள் இந்த இழையைப் படித்தால்: உங்களுக்கு வால்சக்கரப் பழக்கம் ஏற்கெனவே உண்டு, ஐந்து மணி நேரம் தேவைப்படாது. ஆனால் புஷ்பக்கின் கான்டினென்டல் இன்ஜின் அமெரிக்கத் திசை. கால் விஷயத்தில் உங்களுக்கும் செஸ்னாக்காரருக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

மார்ச் 10, இரவு 10.40

வெளிச்சோதனை பற்றி எழுதாமல் விட்டது தப்பு. பறப்பதைவிட அங்கேதான் அறிவு வேண்டும்.

உடம்பு எஃகுக் குழாய், இறக்கை ஸ்ப்ரூஸ் மரம், மேலே துணி. முன்பு லினன், இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர். துணியை விரல் முட்டியால் தட்டினால் மேளத்தோல் போல ஒலிக்க வேண்டும். சொத சொத என்றால் கீழே ஈரமோ, விட்டுப்போன தையலோ. இறக்கையின் கீழ்ப்பின் விளிம்பில் வடிகால் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்ட துளை என்றால் உள்ளே தேங்கும் நீர், நீர் என்றால் மக்கும் மரம், பிரியும் பசை. கேசீன் பசை போட்ட பழைய பாகங்களுக்கு நம் ஊர்ப் புழுக்கம் எமன்.

கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி விறைப்பாக, நேராக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தால் அதை முறுக்கிவிட்டுப் பறக்காதீர்கள். அது ஏன் தளர்ந்தது என்பதுதான் கேள்வி.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று: கீழ் இறக்கைகளின் வேர்களை உடம்புக்குக் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கும் டை ராட்கள். 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு டைகர் மாத் பறக்கும்போதே இறக்கை பிரிந்து விழுந்தது, இருவர் இறந்தார்கள். விசாரணையில் டை ராட்கள் களைப்பு விரிசலோடு உடைந்திருந்தது தெரிந்தது. இவற்றுக்குப் பறந்த மணிக்கணக்கு, ஆண்டுக்கணக்கு என்று இரண்டு ஆயுளும் உண்டு, எது முந்துகிறதோ அதில் மாற்ற வேண்டும். காசு கொடுத்துப் பறக்கப் போகும் இடத்தில் டை ராட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். நல்ல இடத்தில் கோபிக்க மாட்டார்கள், பதிவேட்டைத் திறந்து காட்டுவார்கள்.

மார்ச் 11, காலை 6.30

கடைசியில் விட்டுப்போனது, நிறுத்துவது. வந்து நின்றதும் ஒரு நிமிடமாவது 800இலிருந்து 1,000இல் ஓட விட்டு ஆற விடுங்கள். பிறகு சுவிட்சுகள் கீழே. இன்ஜின் நிற்கும் நேரத்தில் த்ராட்டிலை முழுக்கத் திறங்கள், சூட்டில் தானாக எரிந்து ஓடிக்கொண்டே இருப்பது அடங்கும். நின்றதும் த்ராட்டிலை மூடுங்கள், பெட்ரோலை மூடுங்கள், நான்கு சுவிட்சையும் மறுபடி பாருங்கள்.

எண்ணெய்த் தட்டை அடியில் வைத்துவிட்டு, ப்ரொப்பல்லரைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். மரத் தகடு. செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்த்தகட்டுக்கு இறங்கி அது கனக்கும், அடுத்த நாள் இன்ஜின் முழுக்க அதிரும்.